பிப்ரவரி பதினொன்று, காலை ஐந்து மணி

போடிநாயக்கனூர்
8.10.2023

அன்புள்ள அனுப்பிரியாவுக்கு மதினி சந்திரவல்லி எழுதுவது.

இங்கே நான், உன் அண்ணன், ஜெகதீஷ் மூன்று பேரும் சுகம். தூக்கம் ஒன்றுதான் குறைச்சல், உன் அண்ணனுடைய குறட்டை அப்படி. அங்கே உன் உடம்பும், உன் வயிற்றில் இருக்கிற ராசாவோ ராசாத்தியோ அதன் உடம்பும் எப்படி என்று எழுது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் ஊருக்கு வந்தபோது என் பீரோவில் வைத்துவிட்டுப் போனாயே, மயில்கழுத்துப் பட்டுச்சேலை, அதைக் குரங்கணியில் ஒரு கல்யாணத்துக்கு நான் கட்டிக்கொண்டு போய்விட்டேன். சேலையோடு விட்டிருந்தால் வம்பில்லை. ரவிக்கையும் உன்னுடையதே. பந்தியில் குனிந்து இலைக்குத் தண்ணீர் தெளித்தேன். முதுகுப் பக்கம் டப்பென்று ஒரு சத்தம். பக்கத்து இலைக்காரிகளிடம் ஆறு ஊக்கு வாங்கிக் குத்திக்கொண்டு, பாயசம் வரும்வரை பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னோடு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற வேலுத்தாய், "யாரு சேலைடி இது?" என்று கேட்டாள். என்னுடையது என்றேன். சேலை பத்திரம். ரவிக்கையைப் பற்றி மட்டும் கேட்காதே.

உனக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துவிட்டது. மூன்று வாரமாக என் தம்பிதான் எடுக்கிறான். அவள் தூங்குகிறாள் என்கிறான், வெளியே போயிருக்கிறாள் என்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பல் விளக்குகிறாள் என்றான். உங்கள் ஊரில் அப்போது மத்தியானம் ஒரு மணி. பல் விளக்குகிற நேரமா அது? அதனால்தான் கடுதாசி. ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். கொம்பு, கால் விட்டுப்போயிருந்தால் நீயே போட்டுக்கொள்.

ஏழாம் மாதம் வந்துவிட்டது. வளையல் போட நான் அங்கே வர முடியாது. விமானத்தில் ஏறினால் எனக்கு வாந்தி வரும் என்று உன் அண்ணன் சொல்கிறார். அவரும் ஏறியதில்லை, எப்படித் தெரியுமோ. அதனால் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, நல்ல பெரிய எட்டு மில்லி ஏலக்காயாகப் பொறுக்கி அதற்கு நடுவில் பொதிந்து, நாளைக்குப் பார்சல் போடப் போகிறேன். தம்பியைப் போடச் சொல். அவனுக்கு வராவிட்டால் நீயே போட்டுக்கொள், அவன் சோறு தின்னட்டும்.

உன் அண்ணன் ஜீப்பின் முன் சீட்டில் பிள்ளை உட்கார ஒரு பெல்ட்டு மாட்டிவிட்டார். இன்னும் பிறக்கவில்லை, பிறந்தாலும் அங்கேதானே இருக்கும் என்றேன். "லீவுக்கு வரும்ல," என்றார்.

உன் மதினி,
சந்திரவல்லி


லெய்டன்
25.10.2023

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானும் அவரும் நலம். அண்ணனையும் ஜெகதீஷையும் கேட்டதாகச் சொல்லுங்கள். ரவிக்கை போனால் போகட்டும்.

போன் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். இந்த ஊரின் பழைய பிறப்பு, இறப்புப் புத்தகங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை.

நேற்று ஒரு பதிவு பார்த்தேன். 1868ஆம் வருடம், பிப்ரவரி பதினொன்றாம் தேதி. க்ளாஸ் என்பவர், வயது இருபத்தொன்பது, சதுப்பு நிலத்தில் விறகு மாதிரி எரிகிற மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்புக்கு விற்கிறவர். அன்று காலை ஐந்து மணிக்குத் தன் மனைவி மார்யாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, பெயர் நேல்ட்ஜே என்று பதிவு செய்திருக்கிறார். கூட இரண்டு சாட்சிகள், ஒருவர் ரொட்டி சுடுகிறவர், ஒருவர் காவல்காரர். அப்பா கையெழுத்துப் போடவில்லை. எழுதக் கற்றதில்லை என்று சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது.

இந்த நாட்டில் அப்போதே சட்டம், பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் அப்பா சாட்சிகளோடு போய்ச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள்தான் வருகிறார்கள். இவர் மட்டும் பிறந்த அன்றைக்கே, காலை ஒன்பது மணிக்கே, ஆபீஸ் வாசலில் நிற்கிறார். இரண்டு மணி நேரம் நடக்கிற தூரம் அவருடைய ஊர். பிப்ரவரியில் வாய்க்கால் உறைந்திருந்தால் படகும் கிடையாது. என்ன அவசரம் என்று தெரியவில்லை. அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் காலத்தில் இங்கே ஏழைகள் சுவரில் பதித்த அலமாரிக்குள் படுத்துத் தூங்குவார்களாம். கதவைச் சாத்திக்கொண்டால் குளிர் வராது. பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, அடுப்புப் பக்கத்தில் கூடையில் வைத்திருப்பார்கள். பிறந்த வீட்டில் சோம்புக்குச் சர்க்கரைப் பூச்சுப் போட்டு, ரஸ்க்கின் மேல் தூவிக் கொடுப்பார்கள். இந்த ஒரு பழக்கம் இன்னும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அனு


போடிநாயக்கனூர்
9.11.2023

அன்புள்ள அனுவுக்கு,

நாங்கள் நலம். தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். உன் அண்ணன் இப்போதே அதிரசத்தைத் தேடுகிறார். டப்பாவை மாற்றி மாற்றி ஒளித்துவைக்கிறேன். நீ சுகமா, கால் வீங்குகிறதா, புளிப்புக் கேட்கிறதா, இனிப்புக் கேட்கிறதா?

உன் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போய் வாசித்தேன். காய் பொறுக்குகிற எங்கள் கூட்டத்துக்கு நாள் முழுக்கக் கண்ணுக்கும் கைக்கும்தான் சோலி, காது சும்மாத்தான் இருக்கிறது. வெடித்த காய், வெளுத்த காய், பிஞ்சு என்று சுளகில் பிரித்துக்கொண்டே அந்த நேல்ட்ஜே கதையைக் கேட்டார்கள். அலமாரிக்குள் படுத்தால் பிள்ளை எப்படி உண்டாகும் என்று வேலுத்தாய் கேட்டாள். நீ படித்தவள், தெரிந்தால் எழுது.

அந்த க்ளாஸ் எதற்கு அப்படி ஓடினான் என்று எங்களுக்குள் ஒரு வழக்கே நடந்தது. பெண்டாட்டிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கச் சோம்பல்பட்டு ஓடியிருப்பான் என்பது என் கட்சி. ஆம்பளைக்கு வீட்டில் பிரசவம் என்றால் வெளியில் தலை போகிற வேலை வந்துவிடும். வீட்டில் வந்து சொன்னபோது உன் அண்ணன் மட்டும், "வேற ஏதோ இருக்கும்," என்றார். என்ன என்று கேட்டதற்கு டயருக்குக் காற்று அடிக்கப் போய்விட்டார்.

அதெல்லாம் இருக்கட்டும். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பிள்ளையைப் பற்றி எல்லாம் இருக்கிறது. நம் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. உதைக்கிறதா? வளையல் வந்ததா? உடைந்திருந்தால் மறைக்காமல் சொல், வேறு அனுப்புகிறேன்.

உன் மதினி,
சந்திரவல்லி


லெய்டன்
20.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் ஜெகதீஷும் நலமா? நான் நலம்.

வளையல் வந்தது அக்கா. ஒன்றுகூட உடையவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உடைந்து வந்திருந்தால் அதைச் சொல்லியே இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

குழந்தை இல்லை. செப்டம்பர் பதினான்காம் தேதி அனு அசைவு தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதினாறாம் தேதி பிறந்தது. பையன். அழவில்லை. கண், மூக்கு எல்லாம் முழுசாக இருந்தது. இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம். போனில் உன்னிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். நீ ஏதாவது கேலி பேசுவாய், நான் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன்.

அனு யாரோடும் இதைப் பேசுவதில்லை, என்னோடும் பேசுவதில்லை. உன் கடிதத்தை மட்டும் எடுத்து எடுத்துப் படிக்கிறாள். தயவுசெய்து அவளிடம் எதுவும் கேட்காதே. உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே.

யோகராஜ்


போடிநாயக்கனூர்
6.12.2023

தம்பிக்கு,

சரிப்பா. கேட்கவில்லை.

நீ சாப்பிடு. அவளையும் சாப்பிடவை. ஜீப்பில் மாட்டிய பெல்ட்டை உன் மச்சான் கழற்றிவிட்டார். நான் சொல்லவில்லை, உன் கடிதத்தை வாசித்தேன், அவர் எழுந்து போனார்.

அக்கா


போடிநாயக்கனூர்
16.1.2024

அன்புள்ள அனுவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. ஏலக்காய் சீசன், கடையில் நிமிர நேரமில்லை. நாங்கள் சுகம். பொங்கல் பொங்கிவிட்டது. பானைக்கு வெளியே பொங்கியது நிறைய, உள்ளே இருந்தது கொஞ்சம். மிஞ்சியதை உன் அண்ணன் ஒருவரே முடித்தார். ஜெகதீஷ் புதுச் சட்டையில் மஞ்சளைக் கொட்டிக்கொண்டான்.

அங்கே பனி விழும் என்று டிவியில் காட்டினார்கள். காதுக்குத் துணி கட்டிக்கொள். வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. நான் அனுப்பிய ஏலக்காயைத் தட்டிப் பாலில் போட்டுக் குடி.

நேல்ட்ஜே எப்படி இருக்கிறாள்? அவள் அம்மா மார்யாவுக்கு உடம்பு தேறிவிட்டதா? பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு. அந்தக் குளிரில் பாத்திரம் கழுவவிட்டிருப்பார்கள், பாவம். அவளுக்குக் கூடமாட யாராவது இருந்தார்களா என்று உன் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா? ராத்திரி தூங்குகிறாளா? அவள் புருசன் அவளோடு உட்கார்ந்து பேசுகிறானா, அல்லது மண் வெட்டப் போகிறேன் என்று எழுந்து போய்விடுகிறானா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

சேலையை வெயிலில் காட்டி மடித்துவைத்துவிட்டேன்.

உன் மதினி,
சந்திரவல்லி


லெய்டன்
3.2.2024

அன்புள்ள மதினிக்கு,

நலம்தானே எல்லோரும்? அண்ணன் மலையில் பனிமூட்டத்தில் ஓட்டும்போது கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

மார்கழியில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை. தை மாதம் வந்த உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கேட்காமல் இருக்கிற ஆள் இல்லையே நீங்கள். அவர் சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். கோபம் இல்லை. மார்யாவைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்: தூங்குவதில்லை. கூடமாட யாரும் இல்லை. புருசன் நல்லவர், எழுந்து போய்விடுகிறார்.

உங்கள் முதல் கடிதத்தில் ரவிக்கை கிழிந்த கதையைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஐந்து வாரத்தில் முதல் தடவை. சிரித்து முடித்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன். அதைத்தான் உங்களுக்கு எழுத முடியவில்லை.

க்ளாஸ் எதற்கு ஓடினார் என்று கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு வருடம் முந்திய இறப்புப் புத்தகத்தில் அதே பெயர், அதே ஊர், அதே மார்யா. 1866 ஜனவரி. அது அவர்களுடைய முதல் குழந்தை. வயிற்றிலிருந்து வெளியே வந்த தேதியையும் காட்டிய தேதியையும் பார்த்தால், அவர் மூன்றாம் நாள்தான் போயிருக்கிறார், எல்லோரையும் போல. அதற்குள் குழந்தை போய்விட்டது. பதிவதற்கு முன்னால் இறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு கிடையாது என்பது அப்போதைய சட்டம். பெயர் எழுதக்கூடாது. பிறந்தது என்றே எழுதக்கூடாது. இரண்டு நாள் உயிரோடு இருந்ததா, அழுததா, பால் குடித்ததா, எதுவும் கிடையாது. "உயிரில்லாமல் காட்டப்பட்டது" என்று ஒரு வரி. அவ்வளவுதான் அந்தப் பிள்ளை.

அதனால்தான் அடுத்தவளுக்கு விடிவதற்குள் கிளம்பியிருக்கிறார். பிப்ரவரி பதினொன்று, காலை ஐந்து மணி. இந்தத் தேதியை எழுதி வாங்குவதற்காக ஒரு மனுசன் இருட்டில் நடந்திருக்கிறார்.

இப்போது இங்கே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். உயிரில்லாமல் பிறந்த பிள்ளைக்கும் பெற்றவர்கள் விரும்பினால் பெயரும் தேதியும் பதியலாம். எத்தனை வருடம் கழித்தும் பதியலாம். அதற்கான விண்ணப்பப் படிவம் எங்கள் மேஜையில் நாலு மாதமாக இருக்கிறது. அதன் மேல் டீக் கோப்பையை வைக்கிறோம், எடுக்கிறோம். அவர் அதைப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை. எழுதிவிட்டால் நிஜமாகிவிடும் என்று எனக்குப் பயம். எழுதாவிட்டால் இல்லவே இல்லை என்று ஆகிவிடும், அதுவும் பயம். நான் என்ன செய்யட்டும் மதினி?

அனு


போடிநாயக்கனூர்
22.3.2024

அன்புள்ள அனுவுக்கு,

நாங்கள் நலம். நீயும் தம்பியும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஜெகதீஷ், "என்னம்மா, பரிட்சைக்கா படிக்கிற?" என்கிறான்.

பிப்ரவரி பதினொன்று ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. அதனால் மறுநாள் கடையில் எல்லோருக்கும் சர்க்கரை பூசிய சோம்பு கொடுத்தேன். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். நம்ம நேல்ட்ஜேக்குத்தான், நூற்றைம்பத்தாறு முடிந்தது என்றேன். வேலுத்தாய் இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டு, "நல்லா இருக்கட்டும்," என்றாள்.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டாய். எனக்கு யோசனை சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜெகதீஷ் எனக்கு முதல் பிள்ளை இல்லை. தம்பி அப்போது பள்ளிக்கூடப் பையன், அவனிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் மேலே எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். நான் காய் பறித்தேன், உன் அண்ணன் எஸ்டேட் ஜீப்பு ஓட்டினார். அங்கேதான் பிறந்தாள். பொம்பளைப் பிள்ளை. அழுதாள், நன்றாக அழுதாள், லைனில் ஆறு வீட்டுக்குக் கேட்டது. பால் குடித்தாள். உன் அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வேலைக்குப் போகணும் ஆத்தா, விடு என்று அவர் அவளிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் விடியும்போது உடம்பு அனலாகக் கொதித்தது. மழை. ஜீப்பில் ஏறினோம். போடிமெட்டிலிருந்து இறங்கினால் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை இருக்கும். பதினேழிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் பலகை வந்தபோது மடி லேசாகிவிட்டது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, கனம் அப்படியேதான் இருந்தது, ஆனாலும் லேசாகிவிட்டது.

நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கை நடுங்கினால் மூன்று பேரும் போக வேண்டியதுதான். அதனால் அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். "அந்தா பாரு ஆத்தா, ஊரு தெரியுது. அந்தா பாரு, கோயில் கோபுரம்." அவர் முன்னால் பார்த்தபடியே, "என்ன பண்றா?" என்று கேட்டார். "தூங்குறா," என்றேன். எட்டு வளைவும் அப்படியே வந்தோம். அடிவாரத்து முந்தல் தாண்டி ஊருக்குள் வந்ததும், ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் என் மாமியார் வீட்டுப் பக்கம் திரும்பினார். என் மூஞ்சியைப் பார்த்து அப்போதுதான் தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். முப்பது நாள் கழித்துத்தான் பேர் விடுவோம். அதற்கு முந்திப் பேர் சொன்னால் கண் படும் என்று பொறுத்திருந்தோம். அதனால் பேர் இல்லை. பேர் இல்லாததால் யாரும் எங்கேயும் எழுதவில்லை. சின்ன உசிரென்று ஓடைப் பக்கம் புதைத்தார்கள், இப்போது இடம் தெரியவில்லை. எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் ஒன்று என்பேன். அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவளை நானே ஜீப்பிலிருந்து இறக்கிவிடுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் கேள்வி வருவதற்கு முந்தியே ஏதாவது கேலி பேசிவிடுவது.

உன் அண்ணனும் நானும் இருபத்தாறு வருடமாக இதை ஒரு நாளும் பேசியதில்லை. எல்லா வளைவிலும் எல்லா ஜீப்புக்காரரும் ஹாரன் அடிப்பார்கள். அவர் ஒன்பதில் மட்டும் இரண்டு தடவை அடிப்பார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

அவள் பிறந்த தேதிகூட எனக்குத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை போனாள். அதற்கு முந்தின வியாழக்கிழமை, சங்கு ஊதி வேலைக்கு இறங்குகிற நேரம் பிறந்தாள். அவ்வளவுதான் கணக்கு.

டீக் கோப்பைக்கு வேறு இடம் பார், அனு.

சந்திரவல்லி


லெய்டன்
14.5.2024

அன்புள்ள மதினிக்கு, அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போனார், வழக்கம்போல. ஆனால் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா எனக்குச் சொல்லவே இல்ல," என்றார். பிறகு, "நான் மட்டும் அக்காகிட்ட உடனே சொன்னேனா," என்றார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். இத்தனை மாதமாக ஆளுக்கொரு அறையில் அழுதிருக்கிறோம்.

போன புதன்கிழமை நகராட்சிக்குப் போனோம். இப்போதெல்லாம் சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் வாசலில் நின்று அவர், "அக்காவும் மச்சானும் சாட்சின்னு வச்சுக்குவோம்," என்றார். நான் நீங்கள் அனுப்பிய வளையலைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன், கைக்கு ஆறு. அந்த அமைதியான ஆபீசில் கையை அசைத்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறந்த தேதி கேட்டார்கள். 2023 செப்டம்பர் பதினாறு. பெயர் கேட்டார்கள். அவர்தான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். இனியவன். எழுதிக்கொண்ட பெண் ஒரு தடவை உச்சரித்துப் பார்த்தாள், சரியாக வரவில்லை. மறுபடியும் சொல்லிக்கொடுத்தார்.

எழுதியதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை மதினி. அப்படியேதான் வலிக்கிறது. ஆனால் இப்போது அந்த வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது, கூப்பிட முடிகிறது.

இனி உங்களுக்கு. நான் தேதி தேடுகிற வேலைக்காரி இல்லையா. 1997இல் புரட்டாசி முதல் தேதி புதன்கிழமை. இரண்டாம் சனி செப்டம்பர் இருபத்தேழு. அதற்கு முந்திய வியாழன் இருபத்தைந்து. உங்கள் மகள் 1997 செப்டம்பர் 25ஆம் தேதி காலையில் பிறந்தாள். இதை என்னுடைய நோட்டில், க்ளாஸ் பதிந்த மாதிரியே எழுதிவைத்திருக்கிறேன். சாட்சிகள் யோகராஜ், அனுப்பிரியா. கையெழுத்தும் போட்டுவிட்டோம். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அனு


போடிநாயக்கனூர்
26.9.2024

அன்புள்ள அனுவுக்கும் தம்பிக்கும்,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? பதினாறாம் தேதி உங்களை நினைத்துக்கொண்டேன். கோயிலில் இனியவன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியாது என்றேன், பூசாரி சாமி பேருக்கே செய்துவிட்டார்.

உன் கடிதம் வந்து நாலு மாதம். பேரை எழுதிவிடுவது பெரிய சோலி இல்லை. ஆனால் பிள்ளைக்கு அப்பா ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்காமல் எப்படி எழுதுவது? தினமும் சோறு போடும்போது கேட்கலாம் என்று நினைப்பேன். கேட்டது "இன்னும் கொஞ்சம் குழம்பா?" என்பதாகவே இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார், கால் மட்டும்தான் தெரிந்தது. காலிடம் பேசுவது சுலபமாக இருந்தது. இருபத்தைந்தாம் தேதி நம்ம மகள் பிறந்தநாள், பேர் என்ன எழுதட்டும் என்றேன். முடுக்குகிற சத்தம் நின்றது. "முத்துப்பிரியா," என்றார். யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை, எப்போதோ வைத்த பேர்.

பிறகு அடியில் இருந்தபடியே சொன்னார்: "பதினொன்னாம் வளைவுலயே எனக்குத் தெரியும். அவ கை தொங்கிருச்சு. ஒம்பதுலதான் நீ அவகூடப் பேச ஆரம்பிச்ச, உனக்கும் தெரிஞ்சிருச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. பேசட்டும்னு விட்டுட்டேன்."

நான் அவருக்காகப் பேசினேன். அவர் எனக்காக ஓட்டியிருக்கிறார். எட்டு வளைவு, அனு.

அவர் வெளியே வந்தபோது முகம் முழுக்கக் கிரீஸ். துடைத்துவிட்டேன்.

நேற்று இருவரும் லீவு போட்டோம். உன் மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டேன், ரவிக்கை என்னுடையது. பேக்கரியில் கேக்கு சொல்லியிருந்தோம். பேர் எழுதுகிறவர் எத்தனை வயசு என்று கேட்டார். இருபத்தேழு என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். "இல்லண்ணே, மலையிலயே இருக்கா," என்றேன். நல்ல இடமாக அமையும் என்று சொல்லிப் பேருக்குப் பக்கத்தில் காசு வாங்காமல் இரண்டு பூப் போட்டுக்கொடுத்தார்.

நோட்டில் எழுதிக்கொள். முத்துப்பிரியா. அப்பா முத்துப்பாண்டி, ஜீப்பு டிரைவர், கையெழுத்துப் போடத் தெரியும். அம்மா சந்திரவல்லி.

யாராவது இனி எத்தனை பிள்ளை என்று கேட்டால் இரண்டு என்று சொல்லப்போகிறேன். காலையில் வேலுத்தாயிடம் சொல்லிப் பார்த்தேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் இரண்டு பேரும்.

உங்கள்,
சந்திரவல்லி

எழுத விட்டுப்போனது: ஒன்பதாம் வளைவில் ஜீப்பை ஓரம் கட்டி இறங்கினோம். மெழுகுவத்தி எடுக்க நான் பின்பக்கம் போகுமுன் கேக்குப் பெட்டியைத் திறந்து டிரைவர் சீட்டில் வைத்தேன். உன் அண்ணன் ஹாரன் அடிப்பதற்காக ஏறி அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு தடவையும் அடித்துவிட்டுத்தான் எழுந்தார். பேர் முழுசாக அவர் வேட்டியில் ஒட்டியிருந்தது, இடவலம் மாறி, இரண்டு பூவோடு. கேக்கை இரண்டு பேரும் கரண்டியால் சாப்பிட்டோம். வேட்டி கொடியில் கிடக்கிறது. துவைக்கவில்லை.